பட்டவன் செய்த மெத்தை

புகார் தன் மேசைக்கு வந்து சேர்ந்தபோது நாற்காலியைக் காணவில்லை. நாற்காலி இருந்த இடத்தில் ஒரு கட்டில் கிடந்தது. கட்டிலின் மேல் மெத்தை, மெத்தையின் மேல் தலையணை, தலையணையின் மேல் அவருடைய டெலிபோன்.

“என்னப்பா இது?” என்றார் புகார்.

“உங்க சீட்டு சார்!” என்றான் வசனம், முகமெல்லாம் பல்லாக. “இனிமே நீங்க படுத்துக்கிட்டே வேலை பாக்கலாம். உலகத்துல எந்த ஆபீஸ்லயாவது இப்படி ஒரு வசதி உண்டா? யோசிச்சுப் பாருங்க!”

இரண்டு பேரையும் இங்கேயே அறிமுகப்படுத்திவிடுவது நல்லது. புகாருக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. மெத்தைக் கம்பெனியில் சேர்ந்து, வாடிக்கையாளர் புகார்ப் பிரிவில் உட்கார்ந்த அன்றே அந்தப் பெயர் காலமாகிவிட்டது. மெத்தை அமுங்குகிறது, அமுங்க மாட்டேன் என்கிறது, புரண்டால் முனகுகிறது, குழந்தை நனைத்துவிட்டது, தாத்தா உருண்டு விழுந்துவிட்டார் என்று வருகிற குறைகள் எல்லாம் அவர் காதில்தான் வந்து விழும். பிரிவு என்று பெரிதாகச் சொல்கிறோமே தவிர, ஆள் அவர் ஒருவர்தான். வசனம் விற்பனைப் பிரிவு. வாயைத் திறந்தால் விளம்பரம். பெண் பார்க்கப் போன இடத்திலேயே “இந்த வாய்ப்பைத் தவற விடாதீங்க” என்று பெண்ணின் அப்பாவிடம் சொன்னவன் என்று பேச்சு.

“நாற்காலி எங்கப்பா?”

“முதலாளி எடுக்கச் சொல்லிட்டாரு சார். முதுகுவலிக்காரரை நாற்காலியில உக்கார வச்சா மெத்தைக் கம்பெனிக்கே அசிங்கம்னாரு.”

புகார் கட்டிலைப் பார்த்தார். அவருக்கு முதுகுவலி இல்லை. இதுவரை வந்ததும் இல்லை.

வந்தது வேறு. ஒரு நாள் காலையில் விழித்துக்கொண்டவருக்கு எழுந்திருக்க வேண்டும் என்று தோன்றவில்லை. மறுநாளும் தோன்றவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தவர் படுத்தவர்தான். சோறு மண்ணாக இருந்தது. யாராவது பேசினால் பாரமாக இருந்தது. காரணமே இல்லாமல் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கக்கூடக் கை எழவில்லை. அந்தச் சமயம் பார்த்து ஆபீசிலிருந்து போன். மனைவி போனைக் கையில் பிடித்துக்கொண்டு, என்ன சொல்லலாம் என்று கேட்பதுபோல் கணவனைப் பார்த்தாள். அவர் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்ததால் அவளுக்குத் தெரிந்தது முதுகு மட்டும்தான்.

“முதுகுங்க,” என்று சொல்லிவிட்டாள்.

உலகத்தில் வேறு எந்த ஆபீசுக்கு வேண்டுமானாலும் இந்தப் பொய்யைச் சொல்லியிருக்கலாம். மெத்தைக் கம்பெனியில் போய்ச் சொல்வார்களோ? அவள் என்ன செய்வாள், பாவம். மனசு சரியில்லை என்று சொன்னால் ‘ஓகோ, அந்த மாதிரியா’ என்பார்கள். முதுகு என்றால் ‘ஐயோ பாவம்’ என்பார்கள். அவள் ஐயோ பாவத்தைத் தேர்ந்தெடுத்தாள்.

பிறகு ஒரு டாக்டரம்மா கிடைத்தார். மாத்திரையும் பேச்சுமாக, மாதக்கணக்கில், புகாரைக் கட்டிலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்தெடுத்தார். முதலில் ஜன்னல் வரை, அப்புறம் வாசல் வரை, அப்புறம் தெருமுனை வரை. வேலைக்குப் போகலாம் என்று அவர் சொன்ன அன்று புகார்தான் பயந்துபோனார்.

“நாளைக்கு உங்களுக்கு ஒரே வேலைதான்,” என்றார் டாக்டரம்மா. “சாயங்காலம் வரைக்கும் படுக்காம இருந்துட்டு வாங்க. அது போதும்.”

“படுத்துட்டேன்னா?”

“படுக்க மாட்டீங்க.”

புகாருக்குத் தன்மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. பகலில் ஒரு தடவை தலையைச் சாய்த்தால் மறுபடியும் சுவர்தான் என்று அவருக்குத் தெரியும். ஆனால் இந்த ஒரு நாளை நிமிர்ந்தே ஓட்டிவிட்டால் மற்ற நாட்களையும் ஓட்டிவிடலாம். பல்லைக் கடித்துக்கொண்டாவது ஓட்டியே தீருவது என்று, காலையில் சட்டைப் பொத்தானைப் போடும்போதே முடிவு கட்டிக்கொண்டு வந்திருந்தார். வந்து பார்த்தால் இங்கே விரித்து வைத்திருக்கிறார்கள்.

“நான் நின்னுக்கிறேன்,” என்றார் வசனத்திடம்.

கண்ணாடி அறையிலிருந்து முதலாளியம்மா சாவிக்கொத்தோடு வெளியே வந்தார். கம்பெனியின் வரவு செலவெல்லாம் அவர் கையில். பேசவே மாட்டார், பேசினால் ஒரு வரி. இன்று புகாரின் முன்னால் நின்று, அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“முதுகுன்னு போன்ல சொன்னது உங்க வீட்டம்மாதானே?”

“ஆமாம்மா.”

“ம்,” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார். அந்த ‘ம்’மை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று புகாருக்குத் தெரியவில்லை.

அதற்குள் முதலாளி வந்துவிட்டார்.

முதலாளியைப் பற்றிச் சொல்வதானால் முதலில் அவர் முதுகைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். கம்பெனியே அந்த முதுகின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது. கீழ்த்தளத்துக் கூடத்துச் சுவரில் பெரிய ஓவியம் ஒன்று உண்டு. அதில் ஓர் இளைஞன் கட்டிலில் படுத்திருப்பான். முகம் வரையத் தெரியாத ஓவியரோ என்னவோ, பையனை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டு முதுகை மட்டும் வரைந்து, முதுகிலிருந்து மின்னல் மின்னலாக வலி கிளம்புவதுபோல் தீட்டியிருந்தார். கீழே கொட்டை எழுத்தில், ‘பட்டவன் செய்த மெத்தை’.

அந்தக் கதையைக் கேட்காமல் இங்கே யாரும் சம்பளம் வாங்கியதில்லை. “வருஷக்கணக்கா படுத்துக் கிடந்தேன்ப்பா. எழுந்து ஆபீஸ் போனா, எப்படிக் குணமாச்சு எப்படிக் குணமாச்சுன்னு ஆளாளுக்குத் துளைச்செடுத்துட்டாங்க. நானே பஞ்சும் நாரும் போட்டு ஒரு மெத்தை தைச்சுப் படுத்தேன்னு சொன்னேன். அவ்வளவுதான், எனக்கொண்ணு எனக்கொண்ணுன்னு பிடிச்சுக்கிட்டாங்க. வேலையை விட்டேன், மெத்தையில விழுந்தேன்!” என்பார். இன்றும் சட்டைக்கு மேலே அகலமான பெல்ட். கீழே விழுந்த பேனாவைக்கூடக் குனிந்து எடுக்க மாட்டார். யாராவது எடுத்துக் கொடுக்கும்வரை பேனாவைப் பார்த்துக்கொண்டே நிற்பார்.

“ஏம்ப்பா புகாரு! நிக்கிறியே! முதுகுவலிக்காரன் நிக்கலாமா? படு, படு.”

“இப்ப நல்லாயிடுச்சு சார்.”

“நல்லாயிடுச்சா? முதுகுவலி எப்பவாவது நல்லாகுமா? எனக்கு நல்லாச்சா? போற மாதிரி போக்குக் காட்டும், நம்பிடாதே.”

“நிக்கிறதுதான் நல்லதுன்னு டாக்டர் சொன்னாங்க சார்.”

“டாக்டருக்கு வந்துச்சா முதுகுவலி? எனக்கு வந்துச்சு. நான் சொல்றேன், படு.” சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நின்றார். அவர் குரல் தணிந்தது. “ஆமா, நீ எந்த மெத்தையில படுத்திருந்தே?”

வேலையில் இருக்கிற ஒவ்வொருவர் கல்யாணத்துக்கும் கம்பெனி ஒரு மெத்தை கொடுத்திருக்கிறது. புகார் கல்யாணத்துக்கும் கொடுத்திருக்கிறது. நம் மெத்தையில் படுத்து நம் ஆளுக்கே முதுகுவலி என்று வெளியே தெரிந்தால், கடையைக் கட்ட வேண்டியதுதான்.

“நம்ம மெத்தை இல்ல சார்,” என்றார் புகார் அவசரமாக.

முதலாளியின் முகத்தில் உயிர் வந்தது. வந்த உயிர் உடனே போயும்விட்டது. “அப்ப வேற கம்பெனி மெத்தையா? நான் குடுத்த மெத்தை இருக்க, வேற மெத்தையில படுத்தியா? நீயா?”

“ஐயையோ, என் வீட்ல இல்ல சார். மாமனார் வீட்ல. போயிருந்தப்ப படுத்தேன். ஒரே ஒரு ராத்திரி.”

“ஒரே ராத்திரியில மாசக்கணக்கா படுக்க வச்சுட்டானா!” முதலாளிக்கு ரத்தம் கொதித்தது. “அந்த மெத்தையில இப்ப யாரு படுக்கிறா? உங்க மாமனாரா? பெரிய மனுஷன் முதுகு என்னத்துக்கு ஆகும்? நம்பரைச் சொல்லு. இன்னிக்கே நம்ம மெத்தையைச் சும்மா அனுப்பி வைக்கிறேன்.”

இங்கேதான் சிக்கல். மனைவி ஆபீசுக்கு முதுகு என்று சொன்னாளே தவிர, பிறந்த வீட்டுக்கு அப்படிச் சொல்லவில்லை. முதுகு என்று சொல்லியிருந்தால் அவளுடைய அப்பா மறுநாளே வந்து இறங்கியிருப்பார். அதனால் அங்கே, ‘அவரைக் கம்பெனியில வெளியூருக்கு அனுப்பியிருக்காங்கப்பா’ என்று சொல்லி வைத்திருந்தாள். இரண்டு பொய்களும் இத்தனை நாள் வேறு வேறு ஊர்களில் சௌக்கியமாகத்தான் இருந்தன. முதலாளி இப்போது அவற்றுக்குப் போன் போட்டு அறிமுகம் செய்து வைத்தார். அதுவும் ஸ்பீக்கரில்.

“ஐயா வணக்கம். நான் உங்க மாப்பிள்ளையோட முதலாளி பேசுறேன்.”

“நீங்கதானா அது!” என்று மாமனாரின் குரல் ஆபீஸ் முழுக்கக் கேட்டது. “நானே பேசணும்னு இருந்தேன். கல்யாணம் ஆனவரை இப்படி மாசக்கணக்கா வெளியூர்ல போட்டு வச்சிருக்கீங்களே, நல்லாவா இருக்கு? பொண்ணு அங்க தனியாக் கிடக்கு!”

“வெளியூரா? நானா? மாப்பிள்ளை இதோ என் முன்னாடி நிக்கிறாரே!” முதலாளி திகைத்துப்போய், வந்த விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். “அதை விடுங்கய்யா. உங்க வீட்டு மெத்தையைப் பத்திக் கொஞ்சம் பேசணும்.”

“எங்க வீட்ல ஏதுங்க மெத்தை? எனக்குப் பிறந்ததுலேர்ந்து கட்டாந்தரைதான். உடம்பு நல்லா இருக்கணும்னா முதல்ல மெத்தையக் கொளுத்தணும். எழுதி வச்சுக்குங்க!”

முதலாளி போனை வைத்தார். அவர் வாழ்க்கையில் இப்படி ஒரு வார்த்தையை யாரும் அவர் காதுக்கு நேரே சொன்னதில்லை. பிறகு மெல்லத் திரும்பிப் புகாரைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். கண்ணாடி அறையிலிருந்து முதலாளியம்மாவும் பார்த்தார்.

“மாமனார் வீட்ல மெத்தையே இல்ல. நீ வெளியூர்ல இருந்தியாம். என்னப்பா நடக்குது?”

புகாருக்குப் பக்கத்திலேயே கட்டில். உட்கார்ந்தால்கூடப் போதும் போலிருந்தது. உட்கார்ந்தால் சாயத் தோன்றும். மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். என்ன வந்தாலும் சரி என்று வாயைத் திறந்தார். வாயிலிருந்து வந்தது அவருக்கே புதிதாக இருந்தது.

“சொல்லக்கூடாதுன்னு இருந்தேன் சார். வெளியூர்தான் போனேன். ஒரு லாட்ஜுல, நமக்குப் போட்டியா இருக்காங்களே, அவங்க மெத்தை போட்ட ரூமா பாத்து எடுத்தேன்.”

“எதுக்கு?”

“படுத்துப் பாக்கத்தான் சார். அவங்க மெத்தையில என்ன குறைன்னு தெரிஞ்சாத்தானே நாம அதைச் செய்யாம இருக்கலாம். தினமும் படுத்தேன். அங்கதான் முதுகு போச்சு.”

சொல்லி முடித்ததும் புகார் கண்ணை மூடிக்கொண்டார். இந்த நிமிடமே வெளியே போ என்பார் என்று காத்திருந்தார். அப்படி எதுவும் நடக்கவில்லை. முதலாளியின் பெல்ட் வந்து அவர் வயிற்றில் இடித்தது. முதலாளி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்.

“கம்பெனிக்காக முதுகையே குடுத்துட்டியாப்பா!” என்றார், கண் கலங்க. “நான் பட்டேன், நீயும் பட்டுட்டே. எனக்கப்புறம் இந்தக் கம்பெனியில பட்டவன் நீ ஒருத்தன்தான்!”

வசனத்தின் மூளைக்குள் விளக்கெரிந்தது. “சார்! மத்தியானம் கடைக்காரங்க எல்லாம் புது மெத்தையைப் பாக்க வர்றாங்களே! புகார் சாரையே படுக்க வச்சுக் காட்டிட்டா?”

“பேஷ்!” என்றார் முதலாளி. “அவங்க மெத்தையையும் ஒண்ணு வாங்கிட்டு வந்து போடு. ரெண்டுலயும் படுக்கட்டும். நாலு பேர் கண்ணால பாக்கட்டும்.”

காலையில் ஆபீஸ் மூலையில் தனியாகப் படுத்தால் போதும் என்றிருந்தது. இப்போது ஊர் பார்க்கப் படுக்க வேண்டும் என்றாகிவிட்டது. புகாரின் சாமர்த்தியத்துக்குக் கிடைத்த பலன் இவ்வளவுதான்.

சாப்பாட்டு நேரத்தில் மனைவி போன் செய்தாள். புகார் படிக்கட்டில் நின்று பேசினார்.

“என்னங்க, அப்பா பேசினாரு. நீங்க ஊர்லேர்ந்து வந்துட்டீங்களாமே?”

“ஆமா, வந்துட்டேன் போலிருக்கு.”

“‘அப்படியா, எங்கிட்டகூடச் சொல்லலியே’ன்னு நானும் அழுதேன். நல்லா வந்துச்சு அழுகை.” பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள், “படுத்தீங்களா?”

“இல்ல. நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனா மத்தியானம் எல்லார் முன்னாடியும் படுத்துக் காட்டச் சொல்றாங்க.” நடந்ததையெல்லாம் சொன்னார்.

“எல்லாம் என்னாலதான். அன்னிக்கு வாயில வேற எதாவது வந்திருக்கக் கூடாதா? காய்ச்சல்னு சொல்லியிருக்கலாம்.” அவள் குரல் உடைந்தது. “நீங்க வந்துடுங்க. வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். வீட்டுக்கு வந்துடுங்க.”

புகாருக்கும் போய்விடலாம் என்றுதான் இருந்தது. படியில் இரண்டு அடி இறங்கியும்விட்டார். பிறகு யோசித்தார்.

“வீட்டுக்கு வந்தா அங்கயும் கட்டில்தானேம்மா இருக்கு,” என்றார். “இங்கயே இருக்கேன். சாயங்காலம் வந்துடுவேன். நீ சாப்பிடு.”

மத்தியானம் கீழ்த்தளத்துக் கூடத்தில் கடைக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் இரண்டு கட்டில்கள். வசனம் ஒரு மணி நேரமாகப் புகாரைத் தயார்செய்திருந்தான்.

“மொத்தமே ரெண்டு வார்த்தைதான் சார். அவங்க மெத்தையில படுத்ததும் ‘அம்மா!’. நம்ம மெத்தையில படுத்ததும் ‘ஆஹா!’. மாத்திச் சொல்லிடாதீங்க, கம்பெனி மூடிடும்.”

முதலாளி எழுந்து ஓவியத்தைக் காட்டித் தன் கதையைச் சொன்னார். கடைக்காரர்கள் ஏற்கனவே கேட்ட கதையைப் புதிதாகக் கேட்பதுபோல் தலையாட்டினார்கள். பிறகு முதலாளி, “இதோ, என் கம்பெனிக்காக முதுகைக் குடுத்த வீரன்!” என்று கையை நீட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். இத்தனை வருஷத்தில் மெத்தைக் கம்பெனியில் புகாருக்கு யாரும் கைதட்டியதில்லை. தட்டியது அவருக்கு இல்லாத வியாதிக்காக.

புகார் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். மெத்தை மெதுவாக அமுங்கிக் கொடுத்தது. நல்ல மெத்தை. அதுதான் ஆபத்து. உள்ளங்கை பட்ட இடம் இதமாக இருந்தது. காலையிலிருந்து நின்ற கால்கள் கெஞ்சின. சும்மா ஒரு நிமிஷம்தானே, இரண்டு வார்த்தைதானே என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொன்னது. அந்தக் குரலை அவருக்கு நன்றாகத் தெரியும். மாதக்கணக்கில் அவரைப் படுக்க வைத்திருந்த குரல் அதுதான். அதுவும் முதல் நாள் ஒரு நிமிஷம் என்றுதான் ஆரம்பித்தது.

எதிர்ச் சுவரில் ஓவியத்து ஆள் முதுகைக் காட்டிப் படுத்திருந்தான். அவனைப் பார்த்ததும் புகாருக்குத் தன் வீட்டுச் சுவர் ஞாபகம் வந்துவிட்டது. சுண்ணாம்பு உதிர்ந்த இடம்கூட ஞாபகம் வந்தது.

எழுந்து நின்றார்.

“சார்!” என்று பல்லிடுக்கில் கிசுகிசுத்தான் வசனம். “படுக்கணும் சார்!”

“படுக்க மாட்டேன்,” என்றார் புகார். குரல் நடுங்கியது, நடுங்கினால் நடுங்கட்டும் என்று விட்டுவிட்டார். “எனக்கு முதுகுல ஒண்ணும் இல்ல. நான் வெளியூருக்கும் போகல, எவன் மெத்தையிலயும் படுக்கல. எனக்கு மனசு சரியில்லாம இருந்துச்சு. டிப்ரஷன். எழுந்திரிக்க முடியாம வீட்லயே படுத்துக் கிடந்தேன். டாக்டர்கிட்ட போய் மருந்து சாப்பிட்டு இப்பத்தான் எழுந்து வந்திருக்கேன். மருந்து இன்னும் சாப்பிடுறேன். திரும்பப் படுத்துடுவேனோன்னு எனக்குப் பயமா இருக்கு. அதனால இன்னிக்கு யார் சொன்னாலும் படுக்க மாட்டேன். மன்னிச்சுக்குங்க.”

வசனம், வாழ்க்கையில் முதல் தடவையாக, சொல்ல ஒரு வார்த்தையும் கிடைக்காமல் வாயைத் திறந்து மூடினான். கடைசி வரிசையில் ஒரு கடைக்காரர் கையைத் தூக்கினார்.

“ஒரு சந்தேகம் சார். அந்த வியாதி எந்தக் கம்பெனி மெத்தையில படுத்தா வருது? அந்தச் சரக்கை நான் எடுக்காம இருப்பேன், அதுக்குக் கேக்குறேன்.”

புகார் உண்மையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நிறுத்துகிற பழக்கம் இன்னும் வரவில்லை. “எந்த மெத்தையிலயும் வரும் சார். எனக்கு வந்தப்ப நான் படுத்திருந்தது நம்ம மெத்தையிலதான்.”

முதலாளியின் முகம் தலையணை உறை மாதிரி வெளுத்துவிட்டது. புகாரைப் பார்த்தார். திரும்பிச் சுவரில் இருந்த ஓவியத்தைப் பார்த்தார். கூடத்தை விட்டு வெளியே போய்விட்டார். வசனத்துக்கு அப்போதுதான் வாய் திரும்பியது. “எல்லாரும் இன்னொரு டீ சாப்பிடுங்க! இந்த வாய்ப்பைத் தவற விடாதீங்க!” என்றான்.

புகார் மாடியேறித் தன் மேசைக்கு வந்தார். வேலை போய்விட்டது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. இருந்தாலும் அதை யாரும் இன்னும் வாயால் சொல்லவில்லை. சொல்லும்வரை இது அவர் மேசைதான். சாயங்காலம் ஆக இன்னும் நேரம் இருந்தது. டாக்டரம்மாவிடம் கொடுத்த வாக்கு ஒன்று பாக்கி இருந்தது. வேலை போனால் வாக்கும் போய்விடுமா என்ன?

மெத்தையைச் சுருட்டித் தூக்கி ஓரமாக வைத்தார். கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்தார். இல்லாத முதுகுவலியோடு அவர் இவ்வளவும் செய்வதை ஆபீசே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும். இனி மறைக்க என்ன இருக்கிறது? காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிவிட்டதுபோல் இருந்தது. பயம் போகவில்லை. ஆனால் பொய்யையும் பயத்தையும் சேர்த்துச் சுமந்ததற்கு, பயத்தை மட்டும் சுமப்பது லேசுதான்.

போன் அடித்தது. நின்றுகொண்டே எடுத்தார்.

“மெத்தையில நடுவுல பள்ளம் விழுந்துடுச்சு சார்!” என்றது ஒரு கோபக் குரல்.

“நீங்க எந்தப் பக்கமா படுக்கிறீங்க சார்?”

“நடுவுலதான்.”

“கொஞ்ச நாள் ஓரமா படுத்துப் பாருங்க. ஓரமும் இறங்கிச் சமமாயிடும்.”

“அட, ஆமால்ல!” என்று அந்த ஆள் நன்றி வேறு சொல்லிவிட்டு வைத்தார். புகாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகுதான், தான் சிரித்தது அவருக்கே உறைத்தது. இந்தப் பழைய போனும், இந்தப் பழைய பள்ளங்களும் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. இதையும் பிடுங்கிக்கொள்வார்களே என்று துக்கமாக இருந்தது. அடுத்த போனையும் எடுத்தார். அதற்கடுத்ததையும் எடுத்தார்.

வெளியே வெயில் சாய்ந்து, எல்லாரும் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிற நேரத்தில் படிக்கட்டில் தடதடவென்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தவர்கள் அப்படியே ஒதுங்கி நின்றார்கள். முதலாளி வந்துகொண்டிருந்தார். அவர் இடுப்பில் பெல்ட் இல்லை. தலைக்கு மேல் புகாரின் நாற்காலி இருந்தது. ஈட்டி மரத்தில் செய்த அந்தக் காலத்து நாற்காலி. இறக்கி வைப்பதற்கே இரண்டு ஆள் வேண்டும்.

“சார், உங்க முதுகு!” என்று பதறினார் புகார்.

முதலாளி நாற்காலியைப் பழைய இடத்தில் இறக்கி வைத்தார். அது கொஞ்சம் கோணலாக இருந்தது. குனிந்து, கால்களை நகர்த்தி, மேசைக்கு நேராகச் சரி செய்தார்.

“உக்காரு,” என்றார்.

புகார் உட்கார்ந்தார்.

“நாளைக்கும் இதே சீட்டுதான். லேட்டா வந்துடாதே.” முதலாளி புகாரின் தோளை ஒரு தடவை அழுத்திவிட்டு, யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று படியிறங்கிப் போனார்.

புகாருக்குக் கண்ணைக் கரித்துக்கொண்டு வந்தது. இந்தத் தடவை அதற்குக் காரணம் இருந்தது. துடைக்கக் கையும் எழுந்தது.

முதலாளியம்மா கண்ணாடி அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார். புகார் எழுந்து அவரிடம் ஓடினார்.

“அம்மா, ஐயா பெல்ட்டுகூடப் போடாம இவ்வளவு கனத்தைத் தூக்கிட்டு வந்துட்டாரே! ராத்திரி முதுகுவலி வந்துட்டா என்ன பண்றது?”

“புதுசா வந்தாத்தான் உண்டு,” என்றார் முதலாளியம்மா, பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டே. “அப்ப அவரு வேற ஒரு ஆபீஸ்ல வேலையா இருந்தாரு. சுவரைப் பாத்துப் படுத்தவரு எழுந்திரிக்கவே இல்ல. ஆபீஸ்லேர்ந்து போன் வந்துச்சு. எனக்குத் தெரிஞ்சது முதுகுதான், அதையே சொல்லிட்டேன்.”

முதலாளியம்மா சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு சிரித்தார்.

“நீங்க கெட்டிக்காரரு தம்பி, ஒரே நாள்ல உண்மையைச் சொல்லித் தப்பிச்சுட்டீங்க. நான் சொன்ன அந்த ஒரு பொய்யைக் காப்பாத்த எங்களுக்கு ஒரு மெத்தைக் கம்பெனியே ஆரம்பிக்க வேண்டியதாப் போச்சு!”